உஷ்ண சரீரம்

அமிர்தத்துக்கு உடம்பில் சூடு அதிகம் என்பது மண்ணச்சநல்லூரில் ஊருக்கே தெரிந்த சங்கதி. மில்லில் நெல் அவிக்கிற பெண்களுக்குத் தெரியும், தவிட்டு மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும், வாசலில் வந்து நிற்கும் தயிர்க்காரிக்கும் தெரியும். ரைஸ் மில் அழகர்சாமியின் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை தங்காததற்கு அந்தச் சூடுதான் காரணம் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மாமியார் காளியாயி சொல்லி வைத்திருந்தாள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் அந்தக் கார் வந்த பிறகுதான். ஐம்பத்தைந்தாம் வருஷம், குன்னூரில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறினான். அவனுடைய கரும்பச்சை நிறச் சீமைக் காரை அழகர்சாமி வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தான். மில் வாசலில் நிறுத்தி, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்து இடது ஓரம் வரை வரிசையாக இருந்த குமிழ்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான். ஒன்றை இழுத்தால் விளக்கு எரிந்தது. ஒன்றை இழுத்தால் மழைத் தண்ணீரைத் துடைக்கிற கை ஆடியது. கடைசியில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு குமிழ். அதை இழுத்தான், ஒன்றும் நடக்கவில்லை.

"இது வேலை செய்யலை" என்று சொல்லிவிட்டு ஹாரனை அடித்துக் காட்டப் போய்விட்டான். இழுத்த குமிழை உள்ளே தள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. சித்திரை மாதத்து மத்தியானம் அது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வேர்த்து வழிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

முன்சீட்டில் இடது பக்கம் அமிர்தத்தின் இடம். துரை அப்படித்தான் தன் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு போவானாம், ஆகவே அழகர்சாமியும் அப்படித்தான். முதல் தடவை காந்தி மார்க்கெட்டுக்குப் போனபோதே, கொள்ளிடம் பாலம் வருவதற்குள் அவளுக்குக் கால் இரண்டும் எரிய ஆரம்பித்துவிட்டது. அடுப்பு வாய்க்கு நேரே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சொன்னாள்.

எஞ்சின் முன்னால் இருக்கும்போது சூடு வராமல் பனியா கொட்டும் என்று கேட்டான் அழகர்சாமி. ஓட்டுகிற பக்கம் அவனுக்கு அவ்வளவு தெரியவில்லை, ஜன்னல் கண்ணாடி வேறு முழுதாக இறங்கியிருந்தது. பின்சீட்டில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த காளியாயி கையை நீட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றாள். அவள் கையை நீட்டியது ஜன்னலுக்கு வெளியே.

மில் கணக்குப்பிள்ளை அம்மாசியும் சில நாள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து போவதுண்டு. அவனைக் கூப்பிட்டுக் கேட்டான் அழகர்சாமி. அப்படி ஒன்றும் இல்லை என்றான் அம்மாசி. முதலாளி காரில் ஏற்றிக்கொண்டு போனால் கால் சுடுகிறது என்று சொல்ல அவனுக்கு என்ன பைத்தியமா. காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். அமிர்தம் அப்படி உட்கார முடியாது. பின்சீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தாள். நான் என்ன உனக்கு டிரைவரா என்று கோபித்துக்கொண்டான். ஒருநாள் தனக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குமிழை உள்ளே அழுத்திப் பார்த்தாள். அது கல் மாதிரி அசையாமல் இருந்தது. கண்டதையும் நோண்டாதே என்று அதற்கும் ஒரு அதட்டல் கிடைத்தது.

அந்த ஆடியில் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. கார் வந்ததற்கும் கலைந்ததற்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது, கார் இல்லாத வீடுகளிலும் கலையத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் கார்தான் காரணம். அது நிச்சயம்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு வைத்தியர் இருந்தார். கைராசிக்காரர் என்று பேர். காளியாயிதான் விசாரித்து ஏற்பாடு செய்தாள். காரிலேயே போனார்கள். இறங்கிய சூட்டோடு அமிர்தத்தை அவர் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி குதித்தது. பாதத்தைக் காட்டச் சொன்னார், பழுக்க வைத்த மாதிரி சிவந்திருந்தது. எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றாள். காரில் வரும்போது தன் காலில் நெருப்பு அடிப்பதாகச் சொல்கிறாள், கூட வருகிற எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று அழகர்சாமி விவரமாக எடுத்துச் சொன்னான்.

"அதுதான் லக்ஷணம். வெளியில இருக்கற உஷ்ணமா இருந்தா எல்லாருக்கும் தெரியணுமோல்லியோ? இது உள்ளேருந்து வரது. உஷ்ண சரீரம். கர்ப்பம் எப்படித் தங்கும்?" என்றார் வைத்தியர்.

நன்னாரிக் கஷாயம், தலைக்குச் சந்தனாதி தைலம், புளி காரம் கூடாது, மாம்பழம் கூடாது, கருவாடு கண்ணில் படக்கூடாது. இதெல்லாம்கூடப் போகட்டும். உஷ்ணம் முழுசாக அடங்குகிற வரைக்கும் தம்பதிகள் சேர்ந்திருக்கக் கூடாது, இருந்தால் மறுபடி கலையும், உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்கே அமிர்தத்தின் பாய் மாமியாரின் அறைக்கு வந்துவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

மாசாமாசம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். காரை யாராவது கல்யாணத்துக்கு இரவல் கேட்டு வாங்கிப் போயிருந்தால், அந்த மாசம் பஸ்ஸில் போவார்கள். பஸ்ஸில் போன மாசமெல்லாம் பாதம் சாதாரணமாக இருக்கும், நாடி அமைதியாக இருக்கும், மருந்து பிடித்துவிட்டது என்பார் வைத்தியர். அடுத்த மாசம் காரில் போவார்கள். மறுபடியும் சிவப்பு, மறுபடியும் எரிச்சல். பத்தியம் தவறியிருக்கு என்று தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்ததும் காளியாயி ஆரம்பிப்பாள். திருட்டுத்தனமாக எதைத் தின்றாய், மாங்காயா, கருவாடா, யார் வாங்கிக் கொடுத்தது என்று சமையல்கட்டுப் பானைகளை எல்லாம் கவிழ்த்துப் பார்ப்பாள். அமிர்தம் ஒன்றும் தின்றிருக்க மாட்டாள். ஆனால் ஒன்றும் தின்னாதவள் அதை எப்படி நிரூபிப்பது?

கொஞ்ச காலம் போனதும் சூடு தன் உடம்பில்தான் என்று அவளே நம்பிவிட்டாள். கேட்கிறவர்களுக்கு அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது. சமயபுரத்து அம்மன் பச்சைப் பட்டினி இருக்கிற நாட்களில் அவளும் துள்ளுமாவும் இளநீருமாக இருந்தாள். நடந்தே போய், ஈரப் புடவையோடு பிரகாரத்தைச் சுற்றி வந்தாள். என் சூட்டை எடுத்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டாள். இல்லாத ஒன்றை எடுத்துக்கொள் என்று கேட்டால் அம்மன்தான் என்ன செய்வாள்.

இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது.

அழகர்சாமியின் தம்பி காத்தானுக்குக் கல்யாணம் ஆகி, அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு வந்த மறு வருஷமே முழுகாமல் இருந்தாள். நல்ல பெண், அக்கா அக்கா என்று அமிர்தத்தைச் சுற்றி வருவாள். ஐந்தாம் மாதம் புத்தூரில் ஆசுபத்திரிக்குக் காட்டப் போவதென்று முடிவாயிற்று. பின்சீட்டில் குலுக்கல் அதிகம் என்று காளியாயி வள்ளிக்கண்ணுவை முன்சீட்டில் உட்கார வைத்தாள். அமிர்தம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. அந்தக் காரில் காற்றும் வரும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நொச்சியம் தாண்டவில்லை. வள்ளிக்கண்ணு நெளிந்தாள்.

"அத்தை, இங்க காலே வெக்க முடியலை. சுடுது."

காரை நிறுத்து என்று காளியாயி போட்ட சத்தத்தில் அழகர்சாமி பிரேக்கை மிதித்தான். அவள் இறங்கி வந்து, கதவைத் திறந்து, முன்பலகைக்கு அடியில் கையை விட்டாள். வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

"நெருப்பால்ல வருது. வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா இது? உடனே காரைக் கொண்டுபோய்க் காட்டுடா."

அழகர்சாமி குனிந்து கையை வைத்துப் பார்த்தான். ஆமாம் என்றான். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் குனியாத மனுஷன். வள்ளிக்கண்ணுவைக் கைத்தாங்கலாகப் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். காலியான முன்சீட்டில் அமிர்தம் போய் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புத்தூர் வரைக்கும் அவள் கால் மேலேயே அது அடித்துக்கொண்டிருந்தது.

ஆசுபத்திரி வேலை முடிந்ததும் மாமியாரையும் வள்ளிக்கண்ணுவையும் வாடகைக் காரில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, அழகர்சாமி காரை அரியமங்கலத்துக்கு விட்டான். வாடகைக் காரில் இடம் நெருக்கம், மருந்து நாலு வாங்க வேண்டியிருக்கு என்று சொல்லி அமிர்தம் அவனோடு தங்கிவிட்டாள். உண்மையில் அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பார்த்தாக வேண்டும்.

அங்கே கார்ப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் தைரியராஜ் பானெட்டைத் தூக்கி வைத்தான். எஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு எஞ்சினிலிருந்து காருக்குள்ளே போகிற இரண்டு ரப்பர் குழாய்களைக் கையால் தடவிக்கொண்டே போய், இது எதுக்குங்க இந்த ஊர்ல என்று கேட்டான். அழகர்சாமிக்கு அப்படி இரண்டு குழாய் இருப்பதே தெரியாது. தைரியராஜ் ரேடியேட்டர் தண்ணீரை வாளியில் இறக்கினான். கிளிப்பைத் தளர்த்திக் குழாய்களைக் கழற்றினான். நடுவில் இருந்த பித்தளைச் சாமானைத் திருகி எடுத்தான். வீட்டுக் குழாயில் இருக்கிற மாதிரி ஒரு சின்னத் திருகு, ஒரு பக்கத்தில் கம்பி கோர்த்திருந்தது. அந்தக் கம்பியின் மறுமுனைதான் எழுத்து தேய்ந்த அந்தக் குமிழ்.

"இது ஹீட்டர் வால்வுங்க முதலாளி. குளிர் தேசத்துல கார்க்குள்ள கதகதப்பா இருக்கணும்னு எஞ்சின் தண்ணியை உள்ள விடுவாங்க. உள்ள ஒரு பெட்டி இருக்கு, அதுல சூடு ஏறி இடது பக்கம் உட்கார்றவங்க கால் மேல காத்தா அடிக்கும். குமிழை இழுத்தா திறக்கும், தள்ளினா மூடும். இது திறந்தபடியே இறுகிப் போயிருக்கு."

ஸ்பானரைப் போட்டுத் திருகிப் பார்த்தான், அசையவில்லை. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மண்ணச்சநல்லூர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் அப்படித்தான் ஆகும் என்றான். அமிர்தம் கேட்டாள்.

"எத்தனை நாளா திறந்திருக்குங்க?"

"நாளா என்னம்மா, வருஷக்கணக்குல. உப்பு இப்படிக் கட்டணும்னா சும்மாவா? திறந்ததுக்கு அப்புறம் இதை யாரும் மூடவே இல்லை." அவன் முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "இங்க யாருங்க உட்காருவாங்க?"

"யாராவது உட்காருவாங்க" என்றான் அழகர்சாமி.

குழாய் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால் போதும், திருச்சி வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு, வால்வே வேண்டாம் என்றான் தைரியராஜ். அழகர்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. சீமைக் காரில் ஒரு சாமான்கூடக் குறையக் கூடாது, துரை வைத்திருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்றான். குன்னூருக்கு ஆள் அனுப்பிப் புது வால்வு தருவிப்பதாகவும், அதுவரை கார் பட்டறையிலேயே நிற்கட்டும் என்றும் பேச்சாயிற்று. பழைய வால்வை அமிர்தம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் அதை முந்தானையில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். கனமாக இருந்தது.

வீட்டில் அதை மாமியாரின் முன்னால் வைத்தாள். இத்தனை வருஷம் என் காலைச் சுட்டது இதுதான், என் உடம்பு இல்லை என்றாள். காளியாயி வால்வைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல பித்தளை என்றாள். கார் ரிப்பேருக்கும் உன் வயிற்றுக்கும் என்னடி சம்பந்தம், வைத்தியரைவிட நீ பெரிய ஆளா என்று கேட்டாள். அமிர்தம் வால்வை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த வீட்டில் அவள் வாய்ச்சொல்லுக்கு என்ன விலை என்பது அவளுக்குத் தெரியும். அழகர்சாமி சொல்ல வேண்டும். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

புழக்கடையில் தனியாக இருந்தபோது அவனிடம் கேட்டாள்.

"அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ மேல தப்பில்லை, கார்லதான் கோளாறு இருந்துச்சுன்னு. அது போதும் எனக்கு."

"இத்தனை வருஷம் கழிச்சு அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அம்மா மனசு சங்கடப்படும்" என்றான் அவன்.

அவளுடைய மனசு என்று ஒன்று இருப்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அப்போதும் அமிர்தம் அவன் மேல் வைத்த நம்பிக்கையை முழுசாக விட்டுவிடவில்லை. அம்மாவிடம் சொல்ல மகனுக்குப் பயமாக இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லலாமே. அவர் படித்தவர். தான் சொன்ன லக்ஷணம் தப்பு என்று தெரிந்தால் அவரே காளியாயியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அந்த ஒரு ஆசையில்தான் அடுத்த முறை ஸ்ரீரங்கம் போகிற நாளுக்காகக் காத்திருந்தாள்.

அதற்குள் புது வால்வு வந்து, தைரியராஜ் அதைப் பொருத்தி, குழாய்களையும் புதுசாக மாற்றி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டான். குமிழ் இப்போது வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு அவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். காலடியில் சூடு இல்லை. ஜன்னல் வழியே கொள்ளிடத்துக் காற்று வந்தது. வழியெல்லாம் அமிர்தம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வைத்தியர் நாடி பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ். ஜில்லுன்னு இருக்கு. நாடி எவ்வளவு சாந்தமா இருக்கு பாரும். உஷ்ணம் பூரணமா அடங்கிடுத்து. கொஞ்சம் காலம் ஆச்சு, ஆனாலும் ஔஷதம் கைவிடலை. இனிமே தம்பதிகள் சேர்ந்திருக்கலாம்."

அமிர்தம் புருஷனைப் பார்த்தாள். இப்போது சொல்வான் என்று பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தை வைத்து, இரண்டு கையாலும் வைத்தியரிடம் நீட்டினான்.

"எல்லாம் உங்க மருந்தோட மகிமைதான் சாமி."

அவ்வளவுதான். அவளுடைய எட்டு வருஷத்தை அந்தத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான். சொல்லப்போனால் அவன் கெட்டவன் இல்லை, அடித்ததில்லை, இன்னொரு கல்யாணம் என்று அம்மா பேச்செடுத்தபோது வேண்டாம் என்றவன். தன் கையால் இழுத்துவிட்ட குமிழ் என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள மட்டும் அவனால் முடியாது. அதற்குப் பதிலாக அவள் நோயாளியாகவே இருந்து குணமாகிவிடட்டும். இனி ஒரு பிள்ளை பிறந்தாலும் அது வைத்தியர் கொடுத்த பிள்ளை, காளியாயி பத்தியம் காத்த பிள்ளை என்றுதான் ஊர் சொல்லும்.

திரும்பும்போது அழகர்சாமிக்கு ஒரே சந்தோஷம். மாடி அறையை இன்றைக்கே ஒழித்து வைக்க அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றான். வழியில் நிறுத்தித் தலைக்குப் பூ வாங்கலாமா என்றுகூடக் கேட்டான். கார் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. அமிர்தம் கையை நீட்டி, இடது ஓரத்துக் குமிழைப் பிடித்து, முழுசாக வெளியே இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் பழைய சூடு மெல்ல வந்து அவள் காலைத் தொட்டது.

"என்ன பண்றே? அது ஹீட்டர்" என்றான் அவன்.

"தெரியும்" என்றாள். "போனதும் அத்தைகிட்ட சொல்லிடுங்க, இவளுக்குச் சூடு இன்னும் அடங்கலைன்னு. என் பாய் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

அவன் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் குமிழை உள்ளே தள்ளப் பார்த்தான். அவள் அதன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. மண்ணச்சநல்லூர் வந்து சேரும்வரை எடுக்கவில்லை.